மூன்றாவது இடம்: ரஷ்யப் பனித்தளங்கள் வழியாக

ஞாயிறு, மாஸ்கோ

ரஷ்யா வர நினைப்பவர்களுக்கு முதல் தகவல்: நம்மூர் வங்கி கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு எதுவும் இங்கே செல்லாது. 2022 மார்ச்சிலிருந்து இதுதான் நிலைமை. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுவாருங்கள், அதுவும் கசங்காத நோட்டாக. நான் மடித்து வைத்திருந்த நூறு டாலரை கவுன்ட்டரில் இருந்த அம்மா விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயணம் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்காக. போட்டி பார்க்க வரவில்லை. 2014 முதல் 2022 வரை ரஷ்யப் பெண்கள் உலகத்தையே அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் யார் போகலாம், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எந்தெந்த ஊரில் முடிவானதோ அந்த ஊர்களை ஒரு சுற்றுச் சுற்ற வந்திருக்கிறேன். உலகப் போட்டிக்கு ஒரு நாடு அதிகபட்சம் 3 பெண்களைத்தான் அனுப்பலாம். ரஷ்யாவிலோ உலகப் பதக்கம் வாங்கும் தகுதியோடு அதைவிட இரண்டு மடங்கு பேர் நின்றார்கள். முதல் இரண்டு பெயர்கள் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். அடிதடி எல்லாம் மூன்றாவது பெயருக்குத்தான்.

மதியம் மெட்ரோவில் நகரத்தின் தென்மேற்கு ஓரம், கொன்கோவோ. வரிசை வரிசையாக அடுக்குமாடிகள், நடுவே 'ஹ்ருஸ்தால்னி' பனித்தளம். எத்தேரி துத்பெரிட்ஸே பயிற்சி தந்த இடம். லிப்னித்ஸ்காயா, மெத்வேதேவா, ஜாகிடோவா, ஷெர்பகோவா, துருசோவா, கோஸ்தோர்னயா, வலியேவா எல்லாரும் இங்கிருந்து வந்தவர்கள்தான். வெளியிலிருந்து பார்த்தால் மாவட்ட விளையாட்டு அரங்கம் மாதிரிதான் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். விடவில்லை.

வாசலில் நின்றதும் வீண் போகவில்லை. ஏழெட்டு வயதிருக்கும், ஒரு சிறுமி சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். சக்கரம் சுழலும்போதெல்லாம் நீலமும் சிவப்புமாக விளக்கு மினுங்கியது. அம்மா பல்லிடுக்கில் நாலைந்து ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, நடந்தபடியே மகளின் கொண்டையில் ஒவ்வொன்றாகச் செருகினார். உருகிய பனிச்சேறு கிடந்த நடைபாதையில் ஒரு காய்ந்த இடத்தைப் பார்த்து அந்தப் பெண் பெட்டியை நிறுத்தினாள், கைகளை மார்போடு சேர்த்து ஒரு குதி குதித்தாள். இரண்டு சுற்று. இறங்கியதும் அம்மா எதுவும் சொல்லவில்லை, தோளை மட்டும் தொட்டு இடது பக்கம் திருத்தினார். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

ஜாகிடோவா இங்கே வந்தது இஷெவ்ஸ்க் நகரத்திலிருந்து, பாட்டியோடு. ஒருமுறை குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர். அவர்தான் 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் 239.57 புள்ளிகளோடு தங்கம் வாங்கினார். கூடவே பயிற்சி எடுத்த மெத்வேதேவாவுக்கு 238.26. இரண்டாவது ஆட்டமான, நீளமான ஃப்ரீ ஸ்கேட்டில் இருவருக்கும் அச்சு அசலாக ஒரே புள்ளி, 156.65. முதல் ஆட்டமான குறும்போட்டியில் வந்த 1.31 வித்தியாசம்தான் தங்கத்தை முடிவு செய்தது. ஆட்டத்தின் பின்பாதியில் குதித்தால் 10 சதவீதம் கூடுதல் என்ற விதி அப்போது இருந்தது. ஜாகிடோவா எல்லாக் குதிப்பையும் பின்பாதியில் வைத்துக்கொண்டார். அடுத்த சீசனிலேயே அந்தச் சலுகையைக் கடைசி மூன்று குதிப்போடு நிறுத்திவிட்டார்கள்.

ஒரு விஷயத்தை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. 2017 இலையுதிர்காலத்தில் மெத்வேதேவாவுக்குப் பாதத்தில் எலும்பு முறிவு. டிசம்பரில் நடந்த தேசியப் போட்டிக்கே அவர் வரவில்லை. ஆனாலும் ஐரோப்பியப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் அனுப்பினார்கள். இரண்டு முறை உலகச் சாம்பியனை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா என்பீர்கள். முடியாதுதான். ரஷ்ய ஸ்கேட்டிங் சம்மேளனம் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு முடிவெடுப்பது ரசிகர்களுக்குப் பிடித்தால் அதற்குப் பெயர் பொது அறிவு, பிடிக்காவிட்டால் சலுகை. இந்தப் பயணம் முழுக்க இந்தக் கேள்வி என்னோடு வரப்போகிறது.

திங்கள், மாஸ்கோ

'வராபியோவி கோரி' மெட்ரோ நிலையம் பாலத்தின் மேலேயே இருக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மாஸ்க்வா ஆறு, அக்கரையில் லூஷ்னிகி. விளையாட்டுச் சம்மேளனங்கள் பலவற்றின் அலுவலகங்கள் அந்தக் கரையில்தான். ஸ்கேட்டிங் சம்மேளனமும் அங்கேயே.

லூஷ்னிகி அரங்கில்தான் 2005இல் இரினா ஸ்லூத்ஸ்காயா தன் இரண்டாவது உலகப் பட்டத்தை வாங்கினார். ஆனால் எனக்கு நினைவுக்கு வருவது 1999. அப்போது அவர் இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன். தேசியப் போட்டியில் நான்காவதாக வந்தார். அவ்வளவுதான், எங்கேயும் அனுப்பவில்லை. பூதிர்ஸ்காயா, சல்தாத்தவா, வல்ச்கோவா மூவரும் போனார்கள். ஐரோப்பியப் போட்டியில் மூன்று பதக்கமும் அவர்களுக்கே. ஹெல்சிங்கியில் மரியா பூதிர்ஸ்காயா உலகச் சாம்பியன், அந்தப் பட்டம் வாங்கிய முதல் ரஷ்யப் பெண். வயது 26. பின்னால் வந்த பதினைந்து வயதுச் சாம்பியன்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தேசியப் போட்டியின் முடிவே இறுதி என்று ஒரு காலம் இங்கேயும் இருந்தது, அது நன்றாகவும் வேலை செய்தது.

பிறகு சோச்சி, 2014. சம்மேளனத்தை நீண்ட காலம் கையில் வைத்திருந்த வலென்தின் பிசேயெவ் அப்போது அதன் பொது இயக்குநர். அவருடைய மனைவி அல்லா ஷெகோவ்த்ஸேவா பெண்கள் ஃப்ரீ ஸ்கேட்டுக்கு நடுவர்களில் ஒருவர். அதே நடுவர் குழுவில் உக்ரைனின் யூரி பல்கோவ், 1998 நகானோ ஒலிம்பிக்கில் முடிவை முன்கூட்டியே பேசிவைத்த விவகாரத்தில் ஓராண்டு தடை வாங்கியவர். அதெலினா சோத்னிகோவா 224.59 எடுத்துத் தங்கம், கொரியாவின் யூனா கிம் 219.11 எடுத்து வெள்ளி. போட்டி முடிந்ததும் ஷெகோவ்த்ஸேவா சோத்னிகோவாவைக் கட்டிப்பிடித்த படம் உலகம் சுற்றியது. கொரியாவின் புகாரைச் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் தள்ளுபடி செய்தது. எந்த நடுவர் எவ்வளவு போட்டார் என்று பார்க்க அப்போது வழியே இல்லை, பெயர் மறைத்து மதிப்பெண் போடும் முறை. அது ஒழிந்தது 2016இல். சோத்னிகோவா நன்றாகத்தான் ஆடினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இயக்குநரின் மனைவியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் கெடுத்தது அவர் பெயரைத்தான்.

இதே சோத்னிகோவாவுக்குச் சம்மேளனத்தின் மேலேயே ஒரு வருத்தம் இருந்தது. குழுப் போட்டியில் இரண்டு ஆட்டத்தையும் 15 வயது லிப்னித்ஸ்காயாவுக்கே கொடுத்துவிட்டார்கள். தேசியச் சாம்பியன் இவர், வெளியே உட்கார்ந்து பார்த்தார். எட்டு வருடம் கழித்து பெய்ஜிங்கில் அதே கதை. குழுப் போட்டியின் இரண்டு ஆட்டமும் வலியேவாவுக்கு. தனிப் போட்டியில் ஐந்து நான்கு-சுற்றுக் குதிப்புகளை முயன்று வெள்ளி வாங்கிய துருசோவா, கேமரா முன்னாலேயே அழுதார்: எல்லாரிடமும் தங்கம் இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை, இந்த விளையாட்டையே வெறுக்கிறேன். நடுவில் பியாங்சாங்கில் குறும்போட்டி மெத்வேதேவாவுக்கு, ஃப்ரீ ஸ்கேட் ஜாகிடோவாவுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். இருவருக்கும் குழு வெள்ளி கிடைத்தது. பிரித்துக் கொடுக்க விதியிலேயே இடம் இருக்கிறது.

இரவு கஸான்ஸ்கி நிலையத்திலிருந்து ரயில்.

செவ்வாய், சரான்ஸ்க்

பிளாட்ஸ்கார்த் பெட்டி. கதவு, தடுப்பு எதுவும் கிடையாது, மொத்தப் பெட்டியும் ஒரே கூடம். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளரில் தேநீர் தந்தார். பக்கத்து மேல்படுக்கைக்காரர் இரவெல்லாம் குறட்டை. சரான்ஸ்க்கில் இறங்கும்போது காலை, நல்ல குளிர்.

மொர்தோவியக் குடியரசின் தலைநகர் இது. 2018 கால்பந்து உலகக் கோப்பை ஆட்டங்கள் சில இங்கே நடந்தன. ஊர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இந்திய மாணவர்கள் நிறைய வருகிறார்கள். நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான திருச்சிப் பக்கத்துப் பையன் நிலையத்துக்கே வந்துவிட்டான்.

"அண்ணா, இங்க ரோட்டுலயே ஐஸ்தான். ஐஸ் பாக்க மாஸ்கோவுலேர்ந்தா வந்தீங்க?"

"இங்கதான்டா ஒலிம்பிக் சாம்பியனை மூணு சின்னப் பொண்ணுங்க தோக்கடிச்சாங்க."

"நான் ஸ்கூல்ல இருந்திருப்பேண்ணா," என்றான். கணக்குப் பார்த்தால் சரிதான்.

2018 டிசம்பரில் தேசியப் போட்டி இந்த ஊர் ஐஸ் அரங்கில் நடந்தது. முதல் இடம் ஷெர்பகோவா, இரண்டாவது துருசோவா, மூன்றாவது கோஸ்தோர்னயா. வயது 14, 14, 15. மூவரும் துத்பெரிட்ஸேயின் மாணவிகள். பத்து மாதம் முன்பு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஜாகிடோவா ஐந்தாவது. துத்பெரிட்ஸேயை விட்டுவிட்டு டொரன்டோவில் பிரையன் ஆர்சரிடம் போயிருந்த மெத்வேதேவா குறும்போட்டியில் 14ஆவது, ஒருவழியாக ஏறி ஏழாவதாக முடித்தார். 2015 உலகச் சாம்பியன் எலிசவேத்தா துக்தமிஷேவா நிமோனியா வந்து ஊருக்கே வரவில்லை.

முதல் மூவருக்கும் சீனியர் போட்டிக்குப் போக வயது போதாது. அதாவது, தேசியப் போட்டி முடிந்த அன்று மேடையில் நின்ற ஒருவரையும் ஐரோப்பியப் போட்டிக்கோ உலகப் போட்டிக்கோ அனுப்ப முடியாது. சம்மேளனம் வெளியிடும் தேர்வு விதிகளில் தேசிய முடிவுக்கு முன்னுரிமை உண்டு, கடைசிச் சொல் பயிற்சியாளர் குழுவுடையது. சாதாரண வருடத்தில் குழுவுக்கு அதிக வேலை இருக்காது. சரான்ஸ்க் அவர்கள் கையில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டது.

அந்த 3 இடமே தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்ற கதையாக வந்ததுதான். ஒரு நாட்டின் முதல் இருவர் உலகப் போட்டியில் வாங்கிய இடங்களைக் கூட்டினால் 13க்குள் வர வேண்டும், அப்போதுதான் அடுத்த வருடம் மூன்று இடம். 2018 மிலானில் மெத்வேதேவா காயத்தால் வரவில்லை, ஜாகிடோவா விழுந்து விழுந்து ஐந்தாவது, சோத்ஸ்கோவா எட்டாவது. கூட்டிப் பாருங்கள். ஒரு படி சறுக்கியிருந்தால் 2019இல் மூன்றாவது இடத்துக்குச் சண்டை போட மூன்றாவது இடமே இருந்திருக்காது.

அரங்கத்தில் சின்னப் பையன்களின் ஹாக்கி பயிற்சி நடந்துகொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை, பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தோம். மதியம் பையன் தன் ஹாஸ்டலில் ரசம் வைத்துப் போட்டான். பூண்டு தூக்கலாக, பிரமாதம். மாலையே திரும்ப ரயில்.

வியாழன், வெலிக்கி நோவ்கரோத்

நேற்றைய மாஸ்கோ பகல் முழுக்கத் தூக்கத்திலும் துணி துவைப்பதிலும் போனதால் எழுத ஒன்றுமில்லை. இரவு ரயில் பிடித்து இன்று காலை இங்கே இறங்கினேன். வோல்கவ் ஆற்றங்கரையில் செங்கல் கோட்டை, உள்ளே சோபியா தேவாலயம், பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம். கோட்டைச் சுவரை ஒட்டி நடந்தேன், கூட்டமே இல்லை. ரஷ்யாவில் ஒரே ஒரு சின்ன ஊர் பார்க்க நேரம் இருந்தால் இங்கே வாருங்கள்.

2019 பிப்ரவரியில் ரஷ்யக் கோப்பையின் இறுதிச்சுற்று இங்கே நடந்தது. தேசிய அணிக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள் ஆடும் போட்டி, வழக்கமாக யாரும் திரும்பிப் பார்க்காதது. அந்த வருடம் மட்டும் மொத்த ரஷ்யாவும் பார்த்தது. ஜப்பானின் சைதாமாவில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்கு இரண்டு பெயர் உறுதி: ஜாகிடோவா, மின்ஸ்க்கில் அவரையே தோற்கடித்து ஐரோப்பியச் சாம்பியன் ஆன சமதூரவா. மூன்றாவது? மெத்வேதேவாவும் துக்தமிஷேவாவும் இங்கே நேருக்கு நேர்.

மெத்வேதேவாவின் பக்கம் இரண்டு உலகப் பட்டம், இரண்டு ஒலிம்பிக் வெள்ளி. அந்த சீசனில் மட்டும் சொதப்பல். துக்தமிஷேவாவின் பக்கம் அந்த சீசன்: கனடா கிராண்ட் பிரியில் தங்கம், கிராண்ட் பிரி இறுதியில் வெண்கலம், பெண்கள் அபூர்வமாகக் குதிக்கும் டிரிபிள் ஆக்ஸல் என்ற மூன்றரைச் சுற்றுக் குதிப்பு. தேசியப் போட்டி மட்டும் இல்லை, அது நோயின் குற்றம். கொஞ்ச வித்தியாசத்தில் மெத்வேதேவா ஜெயித்தார். பயிற்சியாளர் குழு அவர் பெயரை எழுதியது. துக்தமிஷேவா மாற்று வீராங்கனை, நம் பாஷையில் வெயிட்டிங் லிஸ்ட் 1, முன்னால் யாரும் கேன்சல் செய்யாத வண்டி.

ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். மெத்வேதேவாவுக்கு ஸ்பான்சர்கள், ஜப்பானில் பெரிய ரசிகர் கூட்டம், அதனால்தான் சைதாமாவுக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு தரப்பு. நேரடிப் போட்டியில் தோற்றவரை எப்படி அனுப்புவது என்று மறு தரப்பு. சம்மேளனம் துத்பெரிட்ஸே பிள்ளைகளைத்தான் தூக்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த வழக்கில் அந்த வாதம் நிற்காது, மெத்வேதேவா அவரை விட்டுப் போய் அப்போதே கிட்டத்தட்ட ஒரு வருடம்.

இரண்டு நட்சத்திரங்களின் சத்தத்தில் ஒரு பெயர் அமுங்கிப்போனது: ஸ்தானிஸ்லாவா கான்ஸ்தான்தினோவா. சரான்ஸ்க்கில் நான்காவது, வயது தகுதி இருந்தவர்களில் அவர்தான் முதல். மின்ஸ்க்கிலும் நான்காவது. தாளில் இருப்பதை மட்டும் பார்த்தால் அவருக்குத்தான் முதல் உரிமை என்று வாதாடலாம். முந்தைய வருடம் மிலானில் 19ஆவதாக வந்தது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவில் கொடி பிடிக்க ரசிகர்கள் இல்லாதவருக்கு நடந்த அநியாயத்தை அநியாயம் என்று சொல்லக்கூட ஆளில்லை. எனக்கு அந்த மூன்றாவது இடத்துக் கதையில் உறுத்துவது இவர்தான்.

சைதாமாவில் மெத்வேதேவா வெண்கலம் வாங்கினார். குழு சரியான ஆளைத்தான் அனுப்பியது என்று அப்போது பேச்சு அடங்கியது. பதக்கம் வந்துவிட்டால் தேர்வு நியாயமாகிவிடுமா என்ன?

ஐஸ் அரங்கம் பூட்டியிருந்தது. வெளியே நின்று ஒரு படம் எடுத்தேன், அதில் வாகன நிறுத்தம்தான் நன்றாக விழுந்திருக்கிறது.

வெள்ளி

லாஸ்தச்கா ரயில், மூன்று மணி நேரம், ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள். பீட்டர்ஸ்பர்க் வந்தாயிற்று. மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. வாங்கிய காலணி தண்ணீர் விடாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். நாளை பேசுகிறேன்.

சனி, பீட்டர்ஸ்பர்க்

நேவாவின் இந்தப் பக்கம் பெத்ரோகிராத் வட்டாரம், அங்கே யூபிலேய்னி அரங்கம். துக்தமிஷேவாவின் பயிற்சியாளர், கிழவர் அலெக்ஸி மிஷினின் கோட்டை. துக்தமிஷேவா உத்முர்த்தியாவில் கிலாசவ் என்ற சின்ன ஊர்க்காரர். சிறுமியாக இருந்தபோது ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து இங்கே வந்து மிஷினிடம் ஆடிக்காட்டிவிட்டு, மறுபடி ரயிலேறி ஊருக்குப் போவார். அப்படியே வருடக்கணக்கில்.

அவருடைய கணக்கை ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் சலுகை பற்றிய பேச்சு குழம்பிவிடும். 2014 ஒலிம்பிக்குக்கு ரஷ்யாவுக்கு இருந்தது இரண்டு இடம். முந்தைய தேசியச் சாம்பியனான இவர் அந்த வருடம் பத்தாவது. அதில் சம்மேளனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2015இல் ஷாங்காயில் உலகச் சாம்பியன். அடுத்த தேசியப் போட்டியில் எட்டாவது, பட்டத்தைக் காக்கப் போகவே இல்லை. 2018 ஒலிம்பிக்கும் இல்லை. 2019 நோவ்கரோத்தில் நடந்தது சொன்னேன். ஆனால் 2021? தேசியப் போட்டியில் பதக்கத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கோஸ்தோர்னயா கொரோனாவால் அந்தப் போட்டிக்கு வரவில்லை, பிறகு ரஷ்யக் கோப்பை இறுதியில் சறுக்கினார். மூன்றாவது இடத்தை அதே பயிற்சியாளர் குழு, அதே மூடிய அறையில், துக்தமிஷேவாவுக்குக் கொடுத்தது. ஸ்டாக்ஹோமில் 24 வயதில் வெள்ளி. ஷெர்பகோவா, துக்தமிஷேவா, துருசோவா, மூன்று பதக்கமும் ரஷ்யாவுக்கு. அந்த முறை யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை, கைதான் தட்டினேன்.

2021 டிசம்பரில் தேசியப் போட்டி இதே யூபிலேய்னியில் நடந்தது. வலியேவா 283.48 புள்ளி எடுத்தார். அவருடைய அதிகாரபூர்வ உலகச் சாதனையே 272.71தான், அதுவும் ஒரு மாதம் முன்பு சோச்சியில் வந்தது. சொந்த நாட்டு நடுவர்கள் தேசியப் போட்டியில் வாரி வழங்குவது எல்லா நாட்டிலும் உண்டு, இங்கே கை கொஞ்சம் கூடுதல் தாராளம். துருசோவா இரண்டாவது, ஷெர்பகோவா மூன்றாவது, மூவரும் பெய்ஜிங்குக்கு. மூவரும் ஒரே பயிற்சியாளரிடம். துக்தமிஷேவா மறுபடியும் மாற்று.

டிசம்பர் 25 அன்று இந்தக் கட்டடத்தில் வலியேவாவிடம் எடுத்த மாதிரியில்தான் டிரைமெட்டாசிடின் என்ற தடைசெய்யப்பட்ட இதய மருந்து இருந்தது. ஸ்டாக்ஹோம் ஆய்வகத்திலிருந்து முடிவு வருவதற்குள் ஐரோப்பியப் போட்டி முடிந்து, பெய்ஜிங் குழுப் போட்டியும் முடிந்துவிட்டது. முடிவு ஜனவரியிலேயே வந்திருந்தால் விமானம் ஏறியிருக்க வேண்டியவர் யார் என்று உங்களுக்கே தெரியும். 2024 ஜனவரியில் விளையாட்டு வழக்குகளுக்கான சர்வதேச நடுவர் மன்றம் வலியேவாவுக்கு நான்கு வருடத் தடை விதித்தது. 15 வயதுப் பெண்ணின் உடலுக்குள் அந்த மருந்து எப்படிப் போனது என்பதற்காக எந்தப் பெரியவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை.

இப்போது சீனியருக்குக் குறைந்தபட்ச வயது 17. 2022 மார்ச்சில் ரஷ்யர்களுக்குச் சர்வதேசப் போட்டிகளில் தடை வந்தது, 2026 மிலான் ஒலிம்பிக்குக்கு நடுநிலை வீராங்கனையாக ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் இடம் கிடைத்தது. சம்மேளனம் கொடுத்த பெயர் அதேலியா பெத்ரோசியான், ஹ்ருஸ்தால்னி மாணவி, தேசியச் சாம்பியன். மறுக்க முடியாத தேர்வுதான். ஆனால் மூன்றாக இருந்தபோதே இத்தனை கண்ணீர். ஒன்று என்றான பிறகு சண்டை போடக்கூட யாருக்கும் இடமில்லை.

ஞாயிறு, பீட்டர்ஸ்பர்க்

கடைசி நாள். இத்தனை எழுதிவிட்டு ஒரு தடவையாவது காலில் பிளேடு மாட்டாமல் போகக்கூடாது என்று, பொதுமக்கள் சறுக்கும் தளம் ஒன்றுக்குப் போனேன். ஸ்கேட் வாடகைக்குக் கொடுக்கும் ஜன்னலில் எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டி. பின்னால் சுவரில் துக்தமிஷேவாவின் படம், ஷாங்காய் பதக்கத்தோடு. கூட்டம் இல்லாததால் பேச்சுக் கொடுத்தேன். என் அரைகுறை ரஷ்ய மொழியைப் பொறுத்துக்கொண்டு நன்றாகவே பேசினார். மாஸ்கோக்காரர்கள் பீட்டர்ஸ்பர்க் பெண்ணை எத்தனை முறை ஏமாற்றினார்கள் என்று விரல் விட்டு எண்ணினார். 2014ஐயும் சேர்த்தார். அது அவரே பத்தாவதாக வந்த வருடம் ஆயிற்றே என்றேன். காலணி சரியில்லை, வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை, உனக்கு என்ன தெரியும் என்றார்.

அப்புறம் கேட்டார்: "2019இல் நீ அந்தக் குழுவில் இருந்திருந்தால் யாரை அனுப்பியிருப்பாய்?"

கான்ஸ்தான்தினோவா என்று சொன்னேன். அவரும் பீட்டர்ஸ்பர்க் பெண்தானே, ஊர்ப்பாசத்தில் தப்பித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 42 நம்பர் கேட்டிருந்தேன், 41ஐ எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். 42 தீர்ந்துவிட்டதாம். பின்னால் அலமாரியில் மூன்று ஜோடி இருந்தது எனக்குத் தெரிந்தது.